முதலில் வருவது

பெரியவள் சட்டைகளை இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளங்கையில் அடங்கிவிடுகிற சட்டைகள். தையல் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துணியில் அவளே தைத்தவை. அங்கே அவளுக்கு செக்கிங் வேலை. இரண்டு உருப்படிகளை விளக்குக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் போட்டு, தையலை இழுத்துப் பார்த்து, தேறினதை இந்தப் பக்கமும் தேறாததை அந்தப் பக்கமும் எறிய வேண்டும். வருஷக்கணக்கில் பழகிய கை. வீட்டுக்கு வந்தும் அப்படியேதான் ஓடும்.

தேறினதெல்லாம் தன் மடிப் பக்கம். கழுத்து கோணினது, நூல் பிரிந்தது, சாயம் இறங்கினது எல்லாம் சின்னவள் பக்கம்.

சின்னவள் கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள். பாதம் இரண்டும் பன்போல வீங்கிக் கிடந்தன. ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய், பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பி வந்த அலுப்பு இன்னும் முகத்தைவிட்டுப் போகவில்லை.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். ஒரே வீடு, நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரியவள் எத்தனையோ வருஷமாக ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, ஒன்றும் தங்கவில்லை. இந்தப் பக்கம், வந்து சேர்ந்த சூட்டோடு சூடாக ரெட்டை.

ரெட்டை என்று தெரிந்த அன்றே மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஒன்று பெரியவளுக்கு.

சின்னவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் புருஷனிடம் அழுது பார்த்தாள். "அண்ணன் தூக்கி வளத்த ஒடம்புடி இது" என்றான் அவன். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அந்த வயிற்றில் பாதி அவளுடையதில்லை. பால் டம்ளரை நீட்டும்போது பெரியவள், "என் பிள்ளைக்கும் சேத்துக் குடி" என்பாள். படி இறங்கினால், "பாத்துப் போ, என்னோடது உள்ள இருக்கு" என்பாள்.

இப்போது, எது யாருக்கு என்பதில் பேச்சு வந்து நின்றது.

"இப்பவே எப்படிச் சொல்ல முடியும்?" என்றாள் பெரியவள், ஒரு சட்டையின் அக்குள் தையலை இழுத்துப் பார்த்தபடி. "ரெண்டும் வரட்டும். பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாத்துட்டு எடுத்துக்கறேன்."

வாசல் ஓரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் சிரித்தாள். "சொத்தைய விட்டுட்டு நல்லதா எடுடி. இவளுக்கென்ன, அடுத்த வருஷமும் பெத்துப் போடுவா."

பெரியவளும் சிரித்தாள். அதில் விஷம் இல்லை. ஆசையில் எதிரே இருக்கிற ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போகிற சிரிப்பு.

சின்னவள் தேறாத குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்குள் கால் வைத்ததிலிருந்து எதிர்ப்பேச்சு பேசாதவள். அதனால்தான் அவள் வாயைத் திறந்ததும் மாமியாரின் கத்தி பாதியில் நின்றது.

"பொறுக்கி எடுக்கறதுக்கு அது துணி இல்லக்கா. முதல்ல வர்றது உங்களுது. ரெண்டாவது என்னுது. எப்படி இருந்தாலும் சரி, அப்புறம் யாரும் பேச்சு மாறக் கூடாது."

மாமியார் யோசித்துப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. "தலைப்பிள்ளையவே தர்றா. இன்னும் என்னடி வேணும் உனக்கு?"

பெரியவளின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தலைப்பிள்ளை. அவளாக அதைக் கேட்டிருக்கவே மாட்டாள், அவளுக்கு வாய் வந்திருக்காது.

"மாற மாட்டேன்" என்றாள். "கோணையோ நொண்டியோ, அது என் பிள்ளை. அத்தை, நீங்கதான் சாட்சி."

பிறகு, காலம் முழுக்க அந்தக் கை செய்யாத ஒரு காரியத்தைச் செய்தது. தன் குவியலில் இருந்த ஆக நல்ல சட்டையை எடுத்து, நீவிவிட்டு, சின்னவள் பக்கம் வைத்தது.

கட்டிலை ஒட்டித் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள் பெரியவள். "எங்க இருக்குன்னு காட்டேன்."

சின்னவள் அவள் கையைப் பிடித்து அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே வைத்தாள். வைத்த பிறகும் பிடியை விடவில்லை.

பெரியவள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். மேலே விலா ஓரமாக ஒரு உதை உருண்டு போனது. கைக்கு அடியில் ஒன்றும் இல்லை.

"தூங்குது போல" என்றாள் ரகசியமாக. "சமத்து."

"ஆமாக்கா."

அன்று காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அதே இடத்தில்தான் கருவியை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அப்புறம் சின்னவளின் தோளில் கை வைத்தாள். கீழே இருக்கிறதுக்குத் துடிப்பு நின்றுவிட்டது, மேலே இருக்கிறது நன்றாக இருக்கிறது, அதற்காக இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும் என்றாள். கூட யாரும் வரவில்லையா என்று கேட்டாள்.

சின்னவள் அழவில்லை. வயிற்றில் பூசியிருந்த பசையைத் துடைத்துவிட்டு, உடுப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்கார்ந்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

கீழே இருக்கிறதுதானே முதலில் வரும்?