ஐம்பத்தாறுக்குப் பதிலாக ஐம்பது

“இந்தம்மாவுக்கு லாக் தெரியாது மேடம். நேராவே சொல்லிடறேன்.”

நாளைக்குப் பரீட்சை. பெரிய கணக்கு சார் கேள்வித்தாளைத் தலைமையாசிரியையின் மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவோரம் அதைத் தயாரித்த சின்னக் கணக்கு டீச்சர் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் வைத்த பெயர்கள்தான். ஆசிரியர்களுக்குள்ளும் அப்படியே நிலைத்துவிட்டன.

“இதுல என்ன தப்பு?” என்றார் தலைமையாசிரியை.

“பத்துக் கணக்கு. ஒண்ணுல கூட லாக், அதான் மடக்கை, இல்லை. நடத்தாம விட்டதை மறைக்கறாங்க. இந்த வகுப்பை எங்கிட்ட கொடுத்துடுங்க, ராத்திரிக்குள்ள வேற தாள் எடுத்துடறேன்.”

தலைமையாசிரியை விலங்கியல்காரர். கணக்கைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர். இருந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கேள்வியைப் பார்த்தார்.

2ˣ⁺³ − 2ˣ = 56

“இதை லாக் இல்லாம எப்படிம்மா போடறது?”

டீச்சர் கிட்டே வந்தார். “ரெண்டுலயும் 2ˣ பொதுவா இருக்கு மேடம். அதை வெளியே எடுத்துட்டா உள்ளே எட்டுல ஒண்ணு போக ஏழு. ஐம்பத்தாறை ஏழால வகுத்தா எட்டு. எட்டுன்னா மூணு ரெண்டைப் பெருக்கறது. எக்ஸ் மூணு.”

“அவ்வளவுதானா? எனக்கே புரியுதே.”

“பழக்கி வச்ச கணக்கு மேடம், கூப்பிட்டா வரும்” என்றார் சார். “அந்த ஐம்பத்தாறை ஐம்பதாக்குங்க. அப்ப காரணி பிரிச்சு என்ன பண்றாங்கன்னு பார்ப்போம்.”

மேடம் பென்சிலை எடுத்துக்கொண்டார். “ஆக்கினா எக்ஸ் எவ்வளவு?”

“முழுசா வராது. லாக் போட்டுத்தான் ஆகணும். இருங்க, கால்குலேட்டர் எடுத்துட்டு வரேன்.”

போன வேகத்தில் திரும்பி வந்து தட்டினார். “ரெண்டு புள்ளி எட்டு நாலு.”

“அடேயப்பா” என்று மேடம் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒட்டியிருந்த தாளில் ஒரு மாணவியின் பெயர்.

“இது உங்களோடது இல்லையா?”

“பறிமுதல் பண்ணினது மேடம். போன மாசம் இவங்க லீவுல இருந்தப்ப இவங்க வகுப்பை நான்தான் பார்த்துக்கிட்டேன். இந்தப் பொண்ணு இதைத் தட்டி விளையாடிட்டிருந்தா. வருஷக் கடைசியிலதான் தருவேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்.”

“அப்ப நாளைக்கு எதை வச்சு லாக் போடுவா?”



மேடம் டீச்சர் பக்கம் திரும்பினார். “ஏம்மா, திருப்பிக் கொடுங்கன்னு சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“முதல்ல அஞ்சு லாக் கணக்கு வச்சிருந்தேன் மேடம். எல்லார் முன்னாடியும் சார் சொன்ன சொல்லை மாத்தச் சொல்ல மனசு வரலை. அதான் கேள்வியை மாத்திட்டேன்.”