பெரிய டாக்டரின் கோபம்

"பின்பக்கமாவா?"

அவ்வளவு காய்ச்சலிலும் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்தார்.

எண்டாஸ்கோபி டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "ஆமா சார். வெடிச்ச குடல்வாலை எடுத்தாச்சு. ஆனா இடுப்புக்குழிக்குள்ள சீழ் கட்டியிருக்கு. ஆசனவாய் வழியா கேமரா குழாயை விட்டு, குடல் சுவர்ல சின்னதா ஒரு ஓட்டை போட்டு ஸ்டென்ட்னு ஒரு குட்டிக் குழாய் வச்சா, சீழ் தானா வடிஞ்சிடும். கத்தியே வேண்டாம்."

"அதெல்லாம் ஆகாது. வயித்தையே திறங்க."

"போன வாரத் தையலே இன்னும் ஆறலை சார். மறுபடி திறந்தா உடம்பு தாங்காது."

"தாங்கும்."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் இடது, வலது சொல்லிக்கொடுக்கிற மனுஷன். தன்னிடம் யாராவது இடது என்றால் வலதுபக்கம்தான் போவார். ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் படுத்தார். படுக்கச் சொன்னார், மாடிப்படி ஏறினார்.

அவள் அழுதாள், மிரட்டினாள், மகளை விட்டுப் பேசச் சொன்னாள். காய்ச்சல்தான் ஏறியது.

மறுநாள் பெரிய டாக்டர் வந்தார். வந்ததும் வராததுமாக டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டு ஸ்டென்ட், அது இதுன்னு சொன்னீங்க? குழாய் விட்டு வித்தை காட்டுறதெல்லாம் என் நோயாளிகிட்ட வேண்டாம்!"

"இல்ல சார், அவர்கிட்ட ஒரு வார்த்தை..."

"அவரை எதுக்குக் கேக்கணும்? அவருக்கு என்ன தெரியும்? நாளைக்கு வயித்தைத் திறக்கிறேன். அவ்வளவுதான்."

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாஸ்டர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"என்னைக் கேக்காம வேற யாரைக் கேப்பீங்க? இது யார் வயிறு? அந்தம்மா சொன்னதுதான். ஸ்டென்ட்தான். எங்க கையெழுத்துப் போடணும்?"

"உங்க இஷ்டம். நான் கைகழுவிட்டேன்," என்று பெரிய டாக்டர் விருட்டென்று வெளியேறினார்.

அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். சீழ் வடிந்தது. காய்ச்சல் இறங்கியது. மாஸ்டருக்குப் பசி வந்தது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடிக்கத் தொடங்கினார். ஸ்கேனில் சீழ்க்கட்டி இருந்த சுவடே இல்லை. ஸ்டென்ட்டையும் எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று வராந்தாவில் பெரிய டாக்டர் எதிரே வந்தார். மனைவி விடவில்லை.

"பாத்தீங்களா டாக்டர்? உங்க கத்தி இல்லாமலே என் வீட்டுக்காரர் எழுந்து நடக்கிறார். பெரிய மனுஷன்னா இப்படியா, பத்துப் பேர் முன்னாடி ஒரு பொம்பளைப் பிள்ளையைத் திட்டுறது?"

"தப்புதாம்மா," என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

மனசு குளிர்ந்துபோய் டாக்டரம்மாவைத் தேடி வந்தாள். "உங்களுக்காக அந்த மனுஷனை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டேன்மா!"

டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"ஐயோ, என்னம்மா பண்ணிட்டீங்க! உங்க வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைக்கச் சொல்லி முதல்ல என்னை அனுப்பினதே அவர்தான். நீங்க எல்லாரும் கெஞ்சியும் நடக்கலைன்னதும், 'நான் உன்னைத் திட்டுறேன், நீ தலையைக் குனிஞ்சுக்கோ. நான் வேண்டாம்னு சொன்னாத்தான் அந்த ஆள் வேணும்பார்'னாரும்மா!"