ஒன்பது பேருக்கு ஒரு டை

“டேய், டையைக் கொடுத்துட்டுப் போடா!”

கொசு கத்தினான். தடியன் காதில் வாங்கவே இல்லை. டையைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கிவிட்டான்.

இன்டர்வியூவுக்கு வந்த ஒன்பது பேருக்கும் சேர்த்து அந்த ஒரு டைதான். என்றோ ஒரு சீனியர் போட்ட முடிச்சு. அவிழ்த்தால் திரும்பக் கட்டத் தெரிந்த ஆள் அவர்கள் கல்லூரியிலேயே கிடையாது. வெளியே வருகிறவன் கழற்றி, அடுத்தவன் கழுத்தில் மாட்டிவிட வேண்டும். அதுதான் பேச்சு.

கொசு கடைசி ஆள். அவனுக்கு இது பதினோராவது இன்டர்வியூ. “இதுவும் ஊத்திக்கிச்சுன்னா நாளையிலேர்ந்து மாமா கடையில செருப்பு எடுத்துப் போடு” என்று காலையில் அப்பா போனில் போட்ட சத்தம் தடியனுக்கும்தான் கேட்டது. கேட்டும் இப்படியா!

“கூடவே இருந்து குழி பறிக்கிறானே, பாவி!”

வெறும் கழுத்தோடு கதவைத் தள்ளினான்.

பேனாவோடு நிமிர்ந்த மேடம் ஒரு கணம் விழித்தார். “நீ யாருப்பா?”

“இன்டர்வியூவுக்கு, மேடம்.” பயோடேட்டாவை நீட்டினான்.

“ம்... உட்கார். எங்க கம்பெனியில ஏன் சேரணும்?”

சீனியர் நோட்டில் பதில் இருந்தது: ‘சின்ன வயசிலிருந்தே இந்த நிறுவனம்தான் என் கனவு.’ எல்லாருக்கும் மனப்பாடம். கம்பெனி செய்வது தண்ணீர்த் தொட்டி, ஆரம்பித்தே மூன்று வருடம்தான் ஆகிறது என்பதெல்லாம் நோட்டில் இல்லை.

ஆத்திரத்தில் கொசுவுக்கு அந்தக் கனவு மறந்தே போனது.

“செருப்புக் கடைக்குப் போகாம இருக்கத்தான், மேடம். தொட்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. சொல்லிக் கொடுத்தா கத்துக்குவேன்.”

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். “காலையிலேர்ந்து அதே டை, அதே கனவு! இனி அந்த டையைப் பார்த்தா தூங்கிடுவேன்னு உனக்கு முன்னாடி வந்தவன்கிட்டயே சொல்லிட்டேன். அவன் ஒருத்தன்தான் ‘சம்பளத்துக்கு, மேடம்’னு உண்மையைச் சொன்னான்.”

சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். தடியன் ஓடிப்போய் பஸ்ஸில் தொற்றிக்கொண்டிருந்தான்.

சிரிப்பு நின்றது. மேஜையில் இருந்த தாளில் எதையோ அடித்து, எதையோ எழுதி, கொசு பக்கம் நகர்த்தினார்.

“கையெழுத்துப் போடு. திங்கட்கிழமை வந்து சேர்ந்துடு.”

கொசு பேனாவை எடுத்தான். தன் பேருக்கு மேலே அடிபட்டிருந்த பேரைப் பார்த்தான்.

“மேடம், இது தடியன் பேராச்சே?”

“இருக்கிறது ஒரே இடம்ப்பா. ‘வெளியே நிக்கிறவனை வீட்டுக்கு அனுப்பிட்டு வந்து கையெழுத்துப் போடு’ன்னு அவன்கிட்டதான் சொல்லி அனுப்பினேன்.”