பதினேழாம் எண் பை

'டீசல்' என்று பட்டப்பெயர் பெற்ற உழவனின் குற்றங்களை இயற்கை விவசாயச் சங்கத் தலைவர் வரிசை பிசகாமல் அடுக்கினார்.

"முதல் வருஷம், சாணி போட்டா விளைச்சல் வருமான்னு கூட்டத்திலேயே சிரிச்சான். ரெண்டாம் வருஷம், மாட்டை வித்துட்டு டிராக்டர் வாங்கினான். மூணாம் வருஷம், மருந்தடிக்கிற மெஷினை வெளியாளுங்களுக்கு வாடகைக்கு விட்டான். இப்ப, நாற்பது குடும்பத்து வாயில மண்ணள்ளிப் போட்டுட்டான்!"

சங்கக் கொட்டகையில் கூடியிருந்தவர்களுக்கு, காலையில் வந்த சோதனை முடிவின் அதிர்ச்சியே இன்னும் அடங்கவில்லை. சோதனைக்கு அனுப்பிய பதினேழாம் எண் பையிலிருந்த மக்காச்சோளத்தில் களைக்கொல்லி!

ஒரு வயலில் மருந்து என்றால் நாற்பது பேருக்கும் 'நஞ்சில்லா விளைச்சல்' முத்திரை பறிபோகும். தவறியவரை இன்றே நீக்கினால் மற்றவர்கள் தப்பலாம். அந்த முத்திரைக்காக முப்பது வருஷம் அடிபட்டவர், சிறைக்குப் போனவர் தலைவர்.

பைகளில் எண் மட்டுமே இருக்கும். எந்த எண் யார் பயிர் செய்தது என்ற பட்டியல், முத்திரை வழங்கும் ஆய்வாளரம்மாவின் கையிலிருந்த, ஒட்டி மூடிய உறைக்குள் இருந்தது.

"அதை எதுக்கும்மா பிரிக்கணும்? இவனைத் தவிர எவன் செய்வான்?" என்றார் தலைவர்.

டீசல் எழுந்தான்.

"நான்தாண்ணே அடிச்சேன். என்னை நீக்கிடுங்க."

தலைவருக்கே தூக்கிவாரிப் போட்டது. "ஏன்டா செஞ்சே?"

"களையெடுக்க வந்தவங்க எல்லாரும் கம்பெனி வேன்ல ஏறிப் போயாச்சு. வீட்டு ஆம்பளை கூட்டம் கூட்டம்னு ஊர் ஊராச் சுத்தினா, மூணு ஏக்கரை ஒத்தை ஆளு எத்தனை நாள் குனிஞ்சு பறிக்கும்? கையெல்லாம் கொப்புளம்ணே."

"நீ எந்தக் கூட்டத்துல சுத்தினே? இங்கே வந்தாலே கடைசி பெஞ்சுல குறட்டை விடுவே!"

கொட்டகை சிரித்தது. டீசல் சிரிக்கவில்லை.

"ஒத்துக்கிட்டா மட்டும் போதாது. ரெண்டு சாட்சிங்க முன்னால பேரைப் படிக்கணும். அதுதான் விதி" என்றார் ஆய்வாளரம்மா.

டீசல் பாய்ந்து வந்து உறையின்மேல் கை வைத்தான். "வேணாம்மா! அதான் நான் ஒத்துக்கிட்டேனே!"

"கையை எடுடா!" தலைவர் அவனைப் பிடித்து இழுத்தார். "மூடி மறைக்கிற சங்கமா இது? படிங்கம்மா, தெருவுக்கே கேக்கட்டும்."

"உங்க கால்ல வேணா விழறேன்ணே. படிக்கச் சொல்லாதீங்க."

"படிங்க!"

சாட்சிகள் இருவரும் மேஜையருகே வந்து நின்றார்கள். உறை கிழிந்தது.

"பதினேழு" என்று விரலால் தேடிப் பிடித்த ஆய்வாளரம்மா, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி நிறுத்தி நிதானமாகப் படித்தது, தலைவருடைய மனைவியின் பெயரை.