கீறல் விழாத லென்ஸ்

அந்தக் கதையைத் தானே சொல்கிறேன் என்று கோபிகிருஷ்ணன் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்தேன். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

திருப்பதியில் போட்டோகிராபர்கள் தினக் கூட்டம். சித்தூர், புத்தூர், நகரி, சத்தியவேடு என்று எல்லா ஊர்க்காரர்களும் வந்திருந்தோம். ஒவ்வொருவராக மேடையேறி, இத்தனை வருடத் தொழிலில் தனக்கு மிகவும் பிடித்த லென்ஸைத் தூக்கிக் காட்டி, ஏன் என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சங்கச் செயலாளர் கோபிகிருஷ்ணனின் ஏற்பாடு இது.

சத்தியவேடு முனிகிருஷ்ணன் ஐம்பது எம்.எம். என்றான். இருப்பதிலேயே அதுதான் விலை குறைவு என்பதை மட்டும் சொல்லவில்லை. சித்தூர்க்காரர் ஒருவர் எண்பத்தைந்து என்றார். கழுத்துக்குக் கீழே எதுவும் விழாததால் மாப்பிள்ளையின் தொப்பை தப்பித்துவிடுகிறதாம். கூட்டம் சிரித்தது.

என்னுடையது எழுபது-இருநூறு ஜூம். பந்தலின் கடைசியில் நின்றுகொண்டே, பெண்ணைப் பெற்றவர் கண்ணைத் துடைப்பதை அவருக்கே தெரியாமல் எடுத்துவிடலாம். அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும் என்று நகரியில் பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன்.

முன்வரிசையில் என் மகள் ஹர்ஷினி உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் மட்டும் அந்தக் கதை விழவே கூடாது.

"ஆறு வருஷம் இருக்கும். நம்ம தணிகைவேல் அண்ணா நகரியிலேர்ந்து புத்தூருக்கு முகூர்த்தத்துக்குப் போய்க்கினு இருக்காரு, தனியா. மண்ணுல வண்டி சறுக்கிச்சி. வேற எவனா இருந்தாலும் கையத் தரையில ஊனுவான். இவரு லென்ஸ் பைய ரெண்டு கையாலயும் நெஞ்சோட கட்டிப் புடிச்சிக்கினு மல்லாக்க விழுந்தாரு. லென்ஸுக்கும் ஒரு கீறல் இல்ல, ஆளுக்கும் ஒரு கீறல் இல்ல!"

கோபிகிருஷ்ணன் முடித்ததும் அரங்கமே கைதட்டியது. பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். நான் முன்வரிசைப் பக்கம் பார்க்காமல் மேடை விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பியவன் நானேதான். டீக்கடையில் சொன்னேன், கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் சொன்னேன். சொல்லச் சொல்லக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு.

சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அன்றைக்கு நான் தனியாகப் போகவில்லை.

என் மனைவி ரோஜாவுக்கு ஸ்ரீசிட்டி கம்பெனி ஒன்றில் காலை ஷிப்ட். வீட்டில் வேறு ஆளில்லை. ஹர்ஷினிக்கு அப்போது ஐந்து வயது. மண்டபத்தில் டிபன் சாப்பிட்டுவிட்டு விளையாடிக்கொண்டிருப்பாள் என்று வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டேன்.

எனக்கு ஏன் ஒரு கீறலும் இல்லை என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் தரையில் விழவில்லை. அவள் மேல் விழுந்தேன்.

எழுந்ததும் பையைத் திறந்தேன். லென்ஸை வெயிலுக்கு நேராகப் பிடித்து முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்தேன். வளையத்தைத் திருகிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் திரும்பினேன்.

அவள் அழவில்லை. இடது கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகூர்த்தத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அவளை எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று கட்டுப் போட வேண்டும், விடாமல் வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். ஆவணி மாதம், ஒன்று மாற்றி ஒன்று கல்யாணம். இரண்டாவது கட்டோடு விட்டுவிட்டேன். அந்தக் கையை அவளால் இன்றுவரை முழுசாக நீட்ட முடியாது.

வண்டி சறுக்கிவிட்டது என்று ரோஜாவிடம் சொன்னேன். அதில் பொய் இல்லை. யார் கேட்டாலும் ஹர்ஷினியும் அதையேதான் சொல்வாள், நைனாவோட வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று. மற்றதெல்லாம் ஐந்து வயதுக் குழந்தைக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டு ஆறு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

கைதட்டல் அடங்கியது. விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கோபிகிருஷ்ணனுக்கு அப்போதுதான் உற்சாகம் பிறந்தது. ஹீரோவின் பெண் இங்கேதான் இருக்கிறாள் என்று மைக்கில் சொல்லி ஹர்ஷினியை மேடைக்குக் கூப்பிட்டார். லென்ஸை வாங்கி அவள் கையில் கொடுத்தார்.

கனமான லென்ஸ். வலது கையில் பிடித்து, மடங்கியே இருக்கும் இடது கையால் அணைத்துக்கொண்டாள்.

"கையி என்னாச்சும்மா?" என்று கேட்டு மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

அவள் எப்போதும் சொல்கிற பதிலைச் சொன்னாலே போதும், நான் மாட்டிக்கொள்வேன். எந்த வண்டி, எப்போது என்று அடுத்த கேள்வி வரும். முந்நூறு பேருக்கும் புரிந்துவிடும்.

ஹர்ஷினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்குச் சாலையோரத்தில் உட்கார்ந்து பார்த்த அதே பார்வை.

"ஸ்கூல்ல வெளாடிக்கினு இருக்கும்போது விழுந்துட்டேன் அங்கிள்."

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். கோபிகிருஷ்ணன் அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு மைக்கை என்னிடம் தந்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

வந்திருந்த எல்லோருக்கும் நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.