நகரசபைத் தலைவரின் உயரம்

நகரசபைத் தலைவர் ஹான்ராட்டி, சவரக்கடை வைத்திருந்த தன் மருமகனைக் கொதிகலன் ஆய்வாளராக்கினார். அவன் பார்த்துக் கையெழுத்திட்ட கொதிகலன் வெடித்து என் மகள் ஆக்னஸ் செத்தாள். நியூயார்க் வாரப் பத்திரிகைக்குக் கேலிப்படங்களை அச்சடிக்க மரக்கட்டையில் செதுக்குவது என் வேலை. அதன்பின் வாராவாரம் ஹான்ராட்டியை ஒரு நெல்லளவு குட்டையாகச் செதுக்கினேன். வாராவாரம் அவருடைய கோட்டையும் தையல்காரர் குறைத்துத் தைத்தார்.

ஒரு புதன்கிழமை அவருடைய ஆள் அவரைத் தூக்கிவந்து என் மேசைமேல் நிறுத்தினான். மைப்புட்டி உயரம் இருந்தார்.

"கொஞ்சம் பெருசா செதுக்குய்யா. சுங்கத்துல பதவி போட்டுத் தர்றேன்."

"மருமகன் சௌக்கியமா?"

"அவனை இப்போ பாலம் பார்க்குற வேலைக்கு மாத்திட்டேன்."

"இந்த வாரப் படத்துல உங்க நாற்காலி மட்டும்தாங்க."

சனிக்கிழமை பத்திரிகை வெளியானது. சாயங்காலம் அந்த ஆள் தனியாக வந்து, என் மேசையிலிருந்த மரத்தூளை விரலால் மெல்ல விலக்கித் தேடினான்.

"இப்பதான் அவரைக் கையில வச்சிருந்தேன்" என்றான்.

நான் குனிந்து, வழக்கம்போல, தூளை ஊதிவிட்டேன்.