இருபத்துநான்காம் வாரம்

"பின்னத்துக்கு மூணே மூணு வாரம் போதுமா சார்?"

தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். எதிரே இருந்த கணக்கு ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தாராளமா போதும் மேடம். ரொம்ப யோசிச்சுதான் போட்டிருக்கேன்."

"நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நெனச்சேன்" என்று சிரித்துவிட்டு அவர் ஆண்டுத் திட்டத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

கணக்கு ஆசிரியருக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர் 'மீதி சார்'. மணி அடித்தால் போதும், "மீதிய நாளைக்குப் பாப்போம்" என்று பாதிக் கணக்கைப் பலகையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆனால் அவர் நடத்தினால் கடைசி பெஞ்சுகூடக் கை தூக்கும். எட்டு வருடமாக அந்த வகுப்பென்றால் அவருக்கு உயிர். அந்தப் பெயரை மட்டும் அவர் காதுபட யாரும் சொல்வதில்லை.

பழைய தலைமையாசிரியர் ஆண்டுத் திட்டத்தைக் கையால் எடை பார்த்தே கையெழுத்துப் போடுகிற நல்ல மனிதர். இந்த அம்மா வந்து பத்து நாள்தான் ஆகிறது. முதல் கூட்டத்திலேயே குண்டைத் தூக்கிப் போட்டார்.

"எந்த வாரம் எந்தப் பாடம், எப்ப தேர்வு, தப்பு பண்ணின பிள்ளைக்கு மறுபடி எப்ப சொல்லித் தர்றது, எல்லாம் திட்டத்துல இருக்கணும். அவங்கவங்க சொந்தமா எழுதணும். காப்பி அடிச்சது தெரிஞ்சா வகுப்பு கை மாறும்."

மீதி சார் வழக்கம்போல் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டார். அப்போதுதான் ஆசிரியர் அறை அலமாரியின் அடித்தட்டில், உடைந்த கோணமானிகளுக்குக் கீழே, அட்டை கிழிந்த பழைய கோப்பு ஒன்று கிடைத்தது. எழுதியவர் பெயர் இல்லை. ஏழாம் வகுப்புக் கணக்கு, நாற்பது வாரம், முத்து முத்தான கையெழுத்து. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

வீட்டில் மனைவிதான் கணினியில் தட்டிக் கொடுத்தாள். ஏழாம் பக்கம் வந்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லைங்க. குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க."

"ஆண்டை மாத்தியாச்சு, என் பேரைப் போட்டாச்சு. மீதிய நாளைக்குப் பாப்போம்."

அந்த நாளைதான் இப்போது வந்து நின்றது.

"தேர்வெல்லாம் அருமையா அமைச்சிருக்கீங்க சார். மாசம் ஒரு சின்னத் தேர்வு, அடுத்த வாரமே தப்பு திருத்தற வகுப்பு. யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"எல்லாம் சொந்த அனுபவம் மேடம்."

"அப்ப, இருபத்துநாலாவது வாரத்துல இருந்து பன்னிரண்டு வாரம் போட்டிருக்கீங்களே..." என்று இழுத்தார். "அதுவும் சொந்த முடிவுதானா?"

அங்கே என்ன இருக்கிறது என்று மீதி சாருக்குச் சத்தியமாகத் தெரியாது. கழுத்தை நீட்டிப் பார்த்தார். தலைமையாசிரியையின் கை அந்த இடத்தை மறைத்துக்கொண்டிருந்தது. இயற்கணிதமாகத்தான் இருக்கும் என்று குத்துமதிப்பாக முடிவு கட்டினார்.

"சத்தியமா என் முடிவுதான் மேடம். அதுதான் இந்தத் திட்டத்துக்கே உயிர்."

"உங்களால முடியுமா?"

"போன வருஷமும் செஞ்சேனே. நல்லபடியா முடிஞ்சுது."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியைக்குப் புரையேறியது. உச்சந்தலையைத் தட்டிக்கொண்டு, "கஷ்டமா இருக்காதா?" என்றார்.

"முதல்ல கொஞ்சம் கஷ்டம்தான். ஆனா பிள்ளை முகம் மலர்றதைப் பாத்தா பட்ட பாடெல்லாம் மறந்துடும் மேடம்."

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"மனைவிக்கு ஒரே சிரிப்பு. சந்தோஷம்தான்."

"இருக்காதா பின்னே!"

அப்பாடா, கரையேறிவிட்டோம் என்று மீதி சார் மூச்சு விட்டார். தலைமையாசிரியை பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடப் போகிறார் என்று பார்த்தால், ஒரு வரிக்கு அடியில் சிவப்புக் கோடு கிழித்துத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

'வாரம் 24 முதல் 35 வரை: பிரசவ விடுப்பு.'

மீதி சார் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். சிரிக்கவும் முடியவில்லை, எழுந்து ஓடவும் முடியவில்லை. ஏழாம் வகுப்பு போயே போய்விட்டது என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது.

"தப்புதான் மேடம். என்ன வேணா திட்டுங்க. வகுப்பை மட்டும் எடுத்துடாதீங்க. ரெண்டே நாள் குடுங்க, நானே உக்காந்து எழுதித் தர்றேன்."

"ரெண்டு நாள் தர்றேன். ஆனா பின்னத்துக்கு அஞ்சு வாரம் போடுங்க. மூணு வாரம் போட்டுட்டு நான் பட்டது போதும்."

"நீங்க பட்டதா?"

"பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி, இதே பள்ளிக்கூடத்துல இந்தத் திட்டத்தை எழுதினவ நான்தான்" என்றார் தலைமையாசிரியை, பேனாவை மூடிக்கொண்டே. "அந்த லீவுல பொறந்தவ, போன வாரம்தான் உங்க வகுப்புல வந்து சேந்து, மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்கா, மீதி சார்!"